கொலஸ்டிரால் மாத்திரை: ஒரு வரவு செலவுக் கணக்கு

ஏலக்காயை விற்பனைக்கு அனுப்புமுன் அதனைத் தரம் பிரித்து, எடை போட்டுப் பார்க்கிறோம். நூலை வாங்குமுன் இழையை இழுத்து உறுதியைச் சோதிக்கிறோம். ஆனால் ஆயுள் முழுதும் உட்கொள்ள வேண்டுமென்று சொல்லப்படும் ஒரு மாத்திரையின் விஷயத்தில் மட்டும் நம்மில் பலர் கணக்குப் பார்ப்பதில்லை. சிலர் கேள்வி கேளாமல் விழுங்குகின்றனர். வேறு சிலர் பக்கத்து வீட்டார் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டு மறுநாளே அதனை எறிந்து விடுகின்றனர். இவ்விரண்டும் தவறேயாகும்.

இரத்தத்தில் கொலஸ்டிரால் என்னும் கொழுப்பைக் குறைப்பதற்காகக் கொடுக்கப்படும் ஸ்டாட்டின் வகை மாத்திரைகளைப் பற்றியே இங்குக் கூறுகிறோம். அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்னும் பெயர்கள் நம் அங்கத்தினர் பலர் வீட்டு மருந்துச் சீட்டுக்களில் இன்று காணப்படுகின்றன. 'இம்மாத்திரை உயிரைக் காக்கும்' என்பாரும் உளர். 'சதையை உருக்கும், சர்க்கரையைக் கொண்டுவரும்' என்பாரும் உளர். இரண்டு கூற்றிலும் உண்மை உண்டு. எது எவ்வளவு என்பதே கேள்வி.

கொலஸ்டிரால் என்பது யாது?

கொலஸ்டிரால் விஷமன்று. உடலின் ஒவ்வோர் உயிரணுவின் சுவருக்கும் அது வேண்டும். பித்தநீரும், சில சுரப்பு நீர்களும், 'டி' வைட்டமினும் அதிலிருந்தே உண்டாகின்றன. நமக்கு வேண்டியதிற் பெரும்பகுதியை நம் உடலே, முக்கியமாகக் கல்லீரல், செய்து கொள்கிறது. அதனை இரத்தத்தின் வழியாக ஏந்திச் செல்லும் துகள்களில் எல்.டி.எல். என்னும் வகை மிகுமாயின் தீங்கு நேரிடுகிறது. அத்துகள்கள் இரத்த நாளத்தின் சுவருக்குள் நுழைந்து தங்குகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கே ஒரு படிவு வளர்கிறது. ஒரு நாள் அப்படிவின் மேல்மூடி கிழிகிறது. அவ்விடத்தில் இரத்தம் உறைந்து நாளத்தை அடைக்கிறது. அடைப்பு இருதயத்தில் நேர்ந்தால் மாரடைப்பு. மூளையில் நேர்ந்தால் பக்கவாதம்.

இப்படிவு வளரும் காலத்தில் நோவு எதுவும் தெரிவதில்லை. நேற்றுவரை போடிமெட்டுச் சரிவில் மூட்டை தூக்கியவர் இன்று திடீரெனச் சாய்வதன் காரணம் பல வேளைகளில் இதுவே. 'எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, மாத்திரை எதற்கு?' என்று கேட்பவர் இதனை நினைவில் வைத்தல் வேண்டும்.

மாத்திரை பிறந்த கதை

இம்மருந்தின் மூலம் ஒரு பூஞ்சணம். ஜப்பான் நாட்டு விஞ்ஞானி அகிரா எண்டோ 1971-ஆம் ஆண்டு தொடங்கி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சண வகைகளைச் சோதித்தார். 1973-இல், பெனிசிலியம் இனத்துப் பூஞ்சணம் ஒன்றிலிருந்து, கொலஸ்டிரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைக் கண்டெடுத்தார். கல்லீரல் எல்.டி.எல். துகளை இரத்தத்திலிருந்து எவ்வாறு பற்றி இழுக்கிறது என்பதை அமெரிக்காவின் பிரவுன், கோல்டுஸ்டீன் என்னும் இருவர் கண்டறிந்து, 1985-இல் நோபல் பரிசு பெற்றனர். இவ்வகையின் முதல் மாத்திரையான லோவாஸ்டாட்டின் 1987-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது.

மாத்திரை செய்யும் வேலை எளிது. கல்லீரல் கொலஸ்டிராலைச் செய்வதற்கு வேண்டிய ஒரு நொதியை அது தடுக்கிறது. உள்ளே சரக்குக் குறைந்தவுடன் கல்லீரல் வெளியிலிருந்து, அதாவது இரத்தத்திலிருந்து, எல்.டி.எல். துகள்களை அதிகமாக இழுத்துக் கொள்கிறது. இரத்தத்தில் அதன் அளவு இறங்குகிறது.

இங்கே தோட்டக்காரர்கள் எளிதில் உணரக்கூடிய ஒரு செய்தி உண்டு. உரத்தை இரட்டித்தால் விளைச்சல் இரட்டிப்பதில்லை. இம்மாத்திரையும் அப்படியே. அளவை ஒரு மடங்கு கூட்டினால் எல்.டி.எல். மேலும் ஏறத்தாழ 6 சதவீதமே குறைகிறது. ஆகவே பெரிய அளவு மாத்திரை எல்லோருக்கும் வேண்டுவதில்லை. வேண்டுபவருக்கு டாக்டர் காரணத்தோடு கொடுப்பார்.

வரவுப் பக்கம்

ஏற்கெனவே இருதய நோய் கண்டவர்களைப் பற்றிய கணக்கை முதலில் பார்ப்போம். வட ஐரோப்பிய நாடுகளில் 4,444 நோயாளிகளைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 1994-இல் வெளியாயிற்று. பாதிப் பேருக்குச் சிம்வாஸ்டாட்டினும், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து, ஐந்தாண்டுகளுக்குச் சற்று மேலாகக் கவனித்தார்கள். வெற்று மாத்திரை உண்டவர்களில் 256 பேர் மாண்டனர். மருந்து உண்டவர்களில் 182 பேர் மாண்டனர். நூற்றுக்கு ஏறத்தாழ 12 என்பது 8 ஆகக் குறைந்தது.

நோய் இன்னும் வராதவர்களுக்கு எப்படி? ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில், கொலஸ்டிரால் மிகுந்தும் மாரடைப்புக் காணாதிருந்த 6,595 ஆண்களைக் கொண்டு நடந்த சோதனை 1995-இல் வெளியாயிற்று. ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் மாரடைப்போ இருதய நோய் மரணமோ நேர்ந்தவர் வெற்று மாத்திரைக் கூட்டத்தில் 248 பேர்; பிராவாஸ்டாட்டின் உண்ட கூட்டத்தில் 174 பேர்.

இவ்விடத்தில் அங்கத்தினர்கள் சற்று நின்று கவனித்தல் வேண்டும். இக்கணக்கை இருவகையாகச் சொல்லலாம். 'அபாயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது' எனலாம். 'ஐந்தாண்டு மாத்திரை உண்ட நூறு பேரில் இரண்டொருவரே தப்பினர். மற்றவர்க்கு அக்காலத்தில் வேறுபாடு இல்லை' எனவும் கூறலாம். இரண்டும் உண்மையே. முதற்கூற்றை மட்டும் கேட்டவன் மாத்திரையைத் தெய்வமாக்குவான். இரண்டாவதை மட்டும் கேட்டவன் அதனைத் தூற்றுவான்.

பல சோதனைகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்ததில் கிடைத்த பொது விதி ஒன்றுண்டு. எல்.டி.எல். டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 39 மில்லிகிராம் குறையுந்தோறும், மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெருநோய்களின் அபாயம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஐந்தில் ஒரு பங்கு என்பது எதில் ஐந்தில் ஒரு பங்கு? முடிவு முழுவதும் இக்கேள்வியில் அடங்கியிருக்கிறது.

கற்பனையாக இருவரை எடுத்துக் கொள்வோம். ஒருவர் நாற்பது வயது நெசவாளர். புகை பிடிப்பதில்லை, சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. பத்தாண்டில் அவருக்கு நோய் வரும் அபாயம் நூற்றுக்கு 5 என்று வைத்துக் கொள்வோம். மாத்திரையால் அது 4 ஆகும். அவரைப் போன்ற நூறு பேர் பத்தாண்டு உண்டால் ஒருவர் பயனடைவார். மற்றவர் ஐம்பத்தெட்டு வயதுத் தோட்டக்காரர்; ஒரு முறை மாரடைப்பு வந்தவர்; அவரது அபாயம் நூற்றுக்கு 30 எனக் கொள்வோம். அதே மாத்திரை அதனை 24 ஆக்கும். அவரைப் போன்ற நூறு பேரில் ஆறு பேர் பயனடைவர். மருந்து ஒன்றே; லாபம் ஆறு மடங்கு.

செலவுப் பக்கம்

இனி, தீங்குகளைப் பார்ப்போம்.

முதலாவது, தசைவலி. நம் பகுதியில் மாத்திரையை நிறுத்துவதற்கு மிகுதியாகச் சொல்லப்படும் காரணம் இதுவே. ஏலத்தோட்டத்தில் நாள் முழுதும் குனிந்து காய் எடுக்கும் பெண்களுக்கும், குழித்தறியில் அமர்ந்து மிதி மிதிப்போருக்கும் கால்வலி, இடுப்புவலி புதியவை அல்ல. மாத்திரை உண்ணத் தொடங்கிய பின் வலி வந்தால், பழி மாத்திரையின் மேல் விழுகிறது.

ஏறத்தாழ 1,24,000 பேர் அடங்கிய பத்தொன்பது சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த கணக்கு 2022-இல் வெளியாயிற்று. மருந்து உண்டவர்களில் தசைவலியோ தளர்ச்சியோ சொன்னவர் நூற்றுக்கு 27.1, வெற்று மாத்திரை உண்டவர்களிலும் 26.6. முதலாண்டில், ஆயிரம் பேருக்குப் பதினோரு பேர் அளவில் மருந்தினால் வலி மிகுந்தது. பிறகு குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே மருந்தினால் வரும் வலி மெய்யே. ஆனால் மருந்தின் மேல் சாற்றப்படும் வலிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை அதனால் வந்தவையல்ல.

இலண்டனில் நடந்த மற்றொரு சோதனையின் முடிவு 2020-இல் வெளியாயிற்று. உபாதை தாளாமல் மாத்திரையைக் கைவிட்ட அறுபது பேருக்குச் சில மாதம் மருந்தும், சில மாதம் வெற்று மாத்திரையும் இன்னதெனத் தெரியாவண்ணம் கொடுத்தார்கள். சில மாதம் ஒன்றும் கொடுக்கவில்லை. மாத்திரை இல்லாத மாதங்களில் உபாதை குறைந்தது. ஆனால் வெற்று மாத்திரை உண்ட மாதங்களில், மருந்தினால் நேர்ந்த உபாதையில் பத்தில் ஒன்பது பங்கு நேர்ந்தது. அவர்கள் பொய் சொன்னவர்களல்லர்; வலி மெய்யான வலிதான். 'இது வலி தரும்' என்னும் எதிர்பார்ப்பும் வலியை உண்டாக்க வல்லது என்பதே இதன் பாடம். இதனை அறிந்தபின் அவர்களிற் பாதிப்பேர் மீண்டும் மாத்திரையைத் தொடங்கினர்.

இரண்டாவது, தசை அழிவு. தசை நார்கள் சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் கொடிய நிலை இது. ஆண்டில் ஓரிலட்சம் பேருக்கு இரண்டு மூன்று பேர் என்ற அளவிலேயே நேர்வது. எனினும் அலட்சியம் செய்யலாகாது. செரிவாஸ்டாட்டின் என்னும் மாத்திரை இத்தீங்கை மிகுதியாக விளைத்ததால் 2001-இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. கடுமையான வலியும், எழ முடியாத தளர்ச்சியும், காப்பித் தண்ணீர் போன்ற கறுத்த சிறுநீரும் கண்டால், மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

மூன்றாவது, நீரிழிவு. இக்குற்றச்சாட்டு பொய்யன்று. ஏறத்தாழ 91,000 பேரைக் கொண்ட சோதனைகளின் தொகுப்பு 2010-இல் வெளியாயிற்று. 255 பேர் நான்காண்டு மாத்திரை உண்டால் ஒருவருக்குப் புதிதாக நீரிழிவு காண்கிறது என்று அது காட்டிற்று. இது பெரும்பாலும் சர்க்கரை ஏற்கெனவே எல்லையை அண்டி நிற்பவர்களுக்கே நேர்கிறது. நீரிழிவு மலிந்த நம் நாட்டில் இது கவனத்திற்குரியது. ஆனால் அதே 255 பேரில் ஐந்து பேர் அளவில் பெரும் இருதய நோயினின்று காக்கப்படுகின்றனர் என்பதையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

நான்காவது, கல்லீரல். இரத்தச் சோதனையில் சிலருக்குக் கல்லீரல் நொதிகள் ஏறிக் காணலாம். மெய்யான கல்லீரல் சேதம் மிக அரிது. தொடங்குமுன் ஒரு சோதனை செய்துகொள்வது முறை. மது அருந்துவோர் அதனை டாக்டரிடம் மறைத்தல் தகாது.

கணக்கைக் கூட்டுவோம். எல்.டி.எல். டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 77 மில்லிகிராம் குறையுமாறு பத்தாயிரம் பேர் ஐந்தாண்டு மாத்திரை உண்பதாகக் கொண்டு, நிபுணர்கள் 2016-இல் கணித்தனர். ஏற்கெனவே நோய் கண்டவராயின் ஏறத்தாழ ஆயிரம் பேரும், நோய் காணாது அபாயம் மட்டும் மிகுந்தவராயின் ஏறத்தாழ ஐந்நூறு பேரும் பெருநோயினின்று தப்புவர். மறுபக்கத்தில் தசைச் சேதம் ஐந்து பேருக்கும், புதிய நீரிழிவு ஐம்பது முதல் நூறு பேருக்கும், மூளையில் இரத்தக் கசிவு ஐந்து முதல் பத்துப் பேருக்கும் நேரலாம்.

யாருக்கு வேண்டும், யாருக்கு யோசனை வேண்டும்?

மாரடைப்பு வந்தவர், இருதய நாளத்தில் ஸ்டென்ட் வைத்துக் கொண்டவர், பைபாஸ் அறுவை செய்து கொண்டவர், அடைப்பினால் பக்கவாதம் கண்டவர் ஆகியோருக்கு வரவு மிகப் பெரிது. இவர்கள் தம் விருப்பப்படி மாத்திரையை நிறுத்துவது தமக்கும் குடும்பத்திற்கும் செய்யும் தீங்கு. எல்.டி.எல். 190-க்கு மேல் உள்ளவர்களுக்கும், நாற்பது வயது கடந்த நீரிழிவுக்காரர்களுக்கும் பெரும்பாலும் மாத்திரை வேண்டியதே.

மற்றவர்களுக்கு ஒரே விடை இல்லை. வயது, புகை, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டிரால் ஆகிய யாவற்றையும் சேர்த்துப் பத்தாண்டு அபாயத்தைக் கணிக்க, உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தெற்காசியாவுக்கெனத் தனி அட்டவணை வெளியிட்டது. அபாயம் குறைந்தவர்களுக்கும் கொடுக்கலாமா என்பதில் மருத்துவ உலகில் இன்றும் வாதம் உண்டு. எழுபத்தைந்து வயது கடந்து, நோய் எதுவும் காணாதவர்களுக்குப் புதிதாகத் தொடங்குவதற்குரிய சான்றும் குறைவே. கருவுற்ற பெண்களும், கருத்தரிக்க எண்ணுபவர்களும், பாலூட்டுவோரும் டாக்டரிடம் சொல்லாமல் இதனைத் தொடுதல் கூடாது. பெரும்பாலும் நிறுத்தவே சொல்வர்.

நம்மவர் ஒன்றை மறக்கலாகாது. கேரளத்திற் பிறந்த டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த பேராய்வு 2004-இல் வெளியாயிற்று. தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது மற்ற நாட்டாரைவிட ஐந்தாறு ஆண்டு முந்தியது என்று அதன் வழியே தெரியவந்தது. இந்திய இருதயநோய் மருத்துவர் சங்கம் 2024-இல் வெளியிட்ட நெறிமுறைகள், அபாயம் குறைந்தவருக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழும், அபாயம் மிகுந்தவருக்கு 70-க்குக் கீழும், மிக மிகுந்தவருக்கு 55-க்குக் கீழும் இருத்தல் நலம் என்கின்றன. இதற்கென வெறும் வயிற்றுடன்தான் இரத்தம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மலையிலிருந்து அதிகாலை ஜீப்பில் இறங்கி வருவோர்க்கு இது சௌகரியமே.

மலையில் நெஞ்சுவலி வந்தால்

மலைச்சரிவில் வாழ்வோர்க்கு இன்னொரு கணக்கும் உண்டு. அது நேரக் கணக்கு. கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஊர் சேர்வதற்குள் இருதயத் தசை மடிந்து கொண்டிருக்கும். தமிழக அரசு 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் மாரடைப்பு என ஐயுறப்படுவோர்க்குப் பதினான்கு மாத்திரைகள் ஒரே வேளையில் கொடுக்கப்படுகின்றன. ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரெல் நான்கு, 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு. பின்னர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர்.

ஆகவே நெஞ்சில் அழுத்தமும், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலியும், குளிர்ந்த வியர்வையும் கண்டால், 'வாயு' என்று சுக்குக் கஷாயம் வைத்துக் காத்திராமல் 108-ஐ அழைத்து, அண்மையிலுள்ள நிலையத்திற்குச் செல்லுதல் வேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை. இது ஆபத்து வேளைக்குரிய முறை. 'அன்று எட்டு கொடுத்தார்கள்' என்று தினமும் எட்டு உண்பதும், பரிசோதனையின்றி வீட்டிலேயே பதினான்கையும் விழுங்குவதும் ஆபத்தானவை. போடிமெட்டைத் தாண்டினால் கேரள மாநிலம். அங்குள்ள ஏற்பாடு வேறு. அங்கு வேலைக்குச் செல்வோர், தாம் உண்ணும் மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ வைத்துக் கொள்ளல் நன்று.

நடைமுறையில் செய்ய வேண்டுவன

மாத்திரை தொடங்கிய நான்கு முதல் பன்னிரண்டு வாரத்திற்குள் இரத்தத்தை மறுபடி சோதித்துப் பலன் பார்த்தல் வேண்டும். வலி கண்டால் தானே நிறுத்திவிடாமல் டாக்டரிடம் கூறினால், அளவைக் குறைக்கவோ, வேறு வகைக்கு மாற்றவோ, சிறிது காலம் நிறுத்திப் பார்க்கவோ வழியுண்டு. வேறு நோய்க்கு மருந்து வாங்கும்போது இம்மாத்திரை உண்பதைச் சொல்லிவிட வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற சில கிருமிக்கொல்லிகளும், சில பூஞ்சண மருந்துகளும் இதனோடு சேர்ந்தால் தசைக்குத் தீங்கு செய்யும். ஒருவர் சீட்டுக்கு வாங்கிய மாத்திரையை மற்றொருவர் கடன் வாங்கி உண்ணுதல் கூடவே கூடாது. நூலைக் கடன் கொடுக்கலாம், மருந்தைக் கடன் கொடுக்கலாகாது.

விலையைப் பற்றியும் ஒரு சொல். இவற்றின் காப்புரிமைகள் முடிந்துவிட்டமையால், பெரிய பெயரில்லாத பொதுப்பெயர் மாத்திரைகள் மலிவாகக் கிடைக்கின்றன. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-இல் தமிழகத்தில் ஆயிரம் 'முதல்வர் மருந்தகங்கள்' திறக்கப்பட்டன. அவற்றுட் பல கூட்டுறவுச் சங்கங்களால் நடத்தப்படுவன என்பது நமக்குப் பெருமை. மாதச் செலவு கருதி மாத்திரையைப் பாதி பாதியாக உண்பவர்கள் அங்கு விசாரித்துப் பார்க்கலாம்.

மாத்திரை உண்பவர் பீடியையும் புகையிலையையும் தொடரலாம் என்று எண்ணுவது, பொத்தல் சாக்கில் காய் கட்டுவதாகும். புகையை விடுவதும், உப்பையும், வனஸ்பதியில் பொரித்த பண்டங்களையும் குறைப்பதும், பயறும் காய்கறியும் சேர்ப்பதும், நடப்பதும் தீங்கில்லாத வரவுகள். நாம் விளைக்கும் ஏலக்காயே கொழுப்பைக் கரைக்கும் என்று சிலர் கூறுவர். நம் சரக்கைப் புகழ நமக்கும் ஆசைதான். ஆனால் அது மாரடைப்பைத் தடுக்கும் என்று பெருஞ்சோதனை எதுவும் நிறுவவில்லை. அதனை மணத்திற்கு உண்போம். மருந்துக்கு ஈடாகக் கொள்ளோம்.

அங்கத்தினர்களே! அடுத்த முறை டாக்டரைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். 'பத்தாண்டில் எனக்கு அபாயம் நூற்றுக்கு எவ்வளவு? மாத்திரை உண்டால் அது எவ்வளவாகும்? என் உடல்நிலைக்கு இதனால் வரக்கூடிய தீங்கு எது?' இவை டாக்டரை அவமதிக்கும் கேள்விகள் அல்ல. நல்ல வைத்தியர் மகிழ்ந்து விடை கூறுவார். விடையைக் கேட்டபின் உண்பதென்று தீர்மானித்தால் நாள் தவறாமல் உண்ணுங்கள். வேண்டாமென்று தீர்மானித்தால் அவர் அறியத் தீர்மானியுங்கள். உழைப்பவர் ஒருவர் சாய்ந்தால் தறியும் நிற்கும், தோட்டமும் நிற்கும். ஆகவே பிறர் பேச்சைக் கேட்டு உண்பதும் வேண்டா, விடுவதும் வேண்டா. கணக்கைப் பார்த்து முடிவு செய்யுமாறு வேண்டுகிறோம்.